சும்மா கிடக்கும் சுவர்

பெண்களின் உழைப்பை மறைப்பதற்குத் தமிழில் வசதியான ஒரு சொல் இருக்கிறது: சும்மா. “உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டால், “வீட்லதான், சும்மா இருக்காங்க” என்று பதில் வருகிறது. அந்தச் சும்மாவைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றில் கடிகாரம் வைத்தே அளந்தது. கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். தினமும் ஐந்து மணி நேரம் சம்பளமில்லாமல் உழைப்பவளைத்தான் நாம் சும்மா இருப்பவள் என்கிறோம்.

இப்போது அதே சொல்லுக்கு இன்னொரு வேலை கிடைத்திருக்கிறது. “சும்மா கிடக்கிற சுவர்தானே, விளம்பரத்துக்கு விடுங்க.” “கடை முகப்பு சும்மாதானே இருக்கு, எங்க போர்டு மாட்டிக்கிறோம்.” “போன் சும்மாதானே கையில இருக்கு, ஸ்டேட்டஸ் வைங்க, காசு வரும்.” சிறுதொழில் பேச்சுகளிலும் யூடியூப் யோசனைகளிலும் இதற்கு ‘நோகாமல் வரும் உபரி வருமானம்’ என்று பெயர். உங்களிடம் இருக்கும் இடத்தை நிறுவனங்களுக்குக் கொடுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அதன் சாரம்.

பெண் சம்பாதிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சுவரில் வந்தாலும் சுவடியில் வந்தாலும் காசு காசுதான். மகளின் பேருந்துக் கட்டணத்துக்கும் மாதக் கடைசி எண்ணெய்க்கும் அது உதவும். என் சண்டை அந்த ‘சும்மா’வோடு. ஒன்றைச் சும்மா கிடக்கிறது என்று வாங்க வந்தவன் சொல்லி, நாமும் தலையாட்டிவிட்டால், பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் தருவதெல்லாம் விலையாக இருக்காது, தயவாகிவிடும்.

சுவரிலிருந்தே தொடங்குவோம். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் சிமென்ட், மோட்டார் பம்ப், விதை, உரம், பனியன், வேட்டி என்று வீட்டுச் சுவர்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. ஏஜென்ட் வருகிறார், பெயின்டர் வருகிறார், ஒரே பகலில் வேலை முடிகிறது. நான் விசாரித்த வீடுகளில் பலவற்றுக்கும் கிடைத்த வாடகை, அந்த ஒரு பக்கச் சுவருக்கு அடித்த பெயின்ட்தான். சில வீடுகளில் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் என்ற ஒன்றை எவரும் காட்டவில்லை. எத்தனை மாதத்துக்கு என்று கேட்டால், “அழியிற வரைக்கும்” என்றார்கள்.

அந்தச் சுவர் ஏன் விளம்பரத்துக்கு லாயக்காக இருக்கிறது? தினமும் விடியலில் ஒருத்தி அதன் அடியைக் கூட்டுகிறாள், தண்ணீர் தெளிக்கிறாள், கோலம் போடுகிறாள். குப்பை சேர விடுவதில்லை. மழையில் காரை பெயர்ந்தால் பூசச் சொல்லி நச்சரிக்கிறாள். சுவரோரம் ஒதுங்க வரும் ஆண்களைச் சத்தம் போட்டு விரட்டுகிறாள். அவள் ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும், எந்தக் கம்பெனியும் அந்தச் சுவரை ஏறெடுத்துப் பார்க்காது. நிறுவனம் வாடகைக்கு எடுப்பது செங்கல்லையும் காரையையும் மட்டுமல்ல. அந்தப் பெண் அன்றாடம் செய்யும் பராமரிப்பையும் சேர்த்துத்தான். அதற்கு ரசீதில் ஒரு வரிகூட இல்லை.

ஏஜென்ட் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?” கூட்டுவது அவள், பேசி முடிப்பது அவன். பட்டா அவன் பெயரில், சம்மதம் அவன் வாயில், காசு அவன் சட்டைப்பையில். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து 1989இல் தமிழ்நாடு அதை இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தமாகக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. சட்டம் வந்துவிட்டது, உண்மைதான். “அண்ணன் மனசு கோணும்” என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாய்வீட்டுப் பண்டிகைச் சீரோடு திருப்திப்பட்டுக்கொள்ளும் பெண்களை இன்றும் நாம் ஊருக்கு ஊர் பார்க்கிறோம். சுவர் விளம்பரத்தின் சில நூறு ரூபாய் அற்பம் என்று தோன்றலாம். அந்தச் சில நூறு யார் கைக்குப் போகிறது என்பதில் வீட்டின் முழு அதிகாரமும் தெரிகிறது.

“குடும்பத்துக்குத்தானே வருது, யார் வாங்கினா என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாயை அரசு குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பத் தொடங்கியது. கணவர் வாங்கினால் என்ன என்று அரசு நினைக்கவில்லை. அந்த ஆயிரம் தன் பெயரில் வருவதால் என்ன மாறியது என்று உங்கள் அம்மாவிடம், அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். யாரிடமும் கை நீட்டாமல் மாத்திரை வாங்கினேன் என்பார்கள். பேத்திக்கு வளையல் வாங்கினேன் என்பார்கள். அரசுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு எண், சுவரைத் தேடி வரும் நிறுவனத்துக்குத் தெரியாமல் போக நியாயமில்லை.

கடைக்கு வருவோம். தெருமுனைப் பெட்டிக்கடையை ஒருத்தி நடத்துகிறாள். குளிர்பானக் கம்பெனி இலவசமாகப் போர்டு தருகிறது. அந்தப் போர்டின் பெரும்பகுதியில் பாட்டிலின் படம். ஓரத்தில் நான்கு விரல்கடை அகலத்தில் கடையின் பெயர். கடன் சொல்லிப் போகும் நாற்பது வீட்டுக் கணக்கையும் மனதில் வைத்திருப்பவள் அவள், தெருவுக்கு முகவரி சொல்வது அவள் கடை, வெளிச்சம் மட்டும் பாட்டிலுக்கு. கம்பெனி கொடுக்கும் குளிர்சாதனப் பெட்டியில் வேறு கம்பெனிச் சரக்கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை வேறு வருகிறது. அதற்கான மின்கட்டணத்தைக் கடைக்காரிதான் கட்டுகிறாள். நகரத்துப் பெரிய பல்பொருள் அங்காடிகளில் கண் உயரத்து அலமாரிக்கு நிறுவனங்கள் பணம் கட்டுகின்றன. அங்கே அது வியாபாரம். பெட்டிக்கடையில் மட்டும் அது எப்படி உபகாரமாகிறது?

நாம் காசு வாங்காமலே கொடுத்துக்கொண்டிருக்கும் இடங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டுப்புடவை எடுக்கப் போகிறோம். புடவைக்குப் பணம் கொடுத்துவிட்டு, கடையின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சிட்ட கட்டைப்பையோடு வெளியே வருகிறோம். அந்தப் பை காய்கறிச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கைப்பிடி அறுந்து விழும்வரை போய் வருகிறது. தையில் நகைக்கடைக் காலண்டர் வருகிறது. நம் சுவரில் நம் ஆணியை அடித்து, வருடம் முழுவதும் அந்தக் கடையின் பெயருக்குக் கீழே ராகு காலம் பார்க்கிறோம். பால் கணக்கும் கேஸ் பதிந்த தேதியும் அதில்தான். ஒரு நிறுவனம் சாலையோரத்தில் பலகை வைக்க மாத வாடகை கட்டியாக வேண்டும். நம் சமையலறைக்குள் ஆண்டு முழுக்கத் தொங்க ஒரு தாள் காலண்டரே போதுமானதாகிவிடுகிறது. பையையும் காலண்டரையும் தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. “இலவசமாகக் கிடைத்தது” என்று நாம் சந்தோஷப்படும்போது இலவசமாகக் கொடுத்தது யார் என்பதைத் தெரிந்து வைத்திருப்போம்.

இனி கைபேசி. என் வகுப்பு மாணவிகளில் பலர் தங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சுங்குடிச் சேலை, குர்த்தி, கவரிங் நகை, மூலிகை எண்ணெய் என்று படம் வைக்கிறார்கள். ஆர்டர் வந்தால் ஒரு துண்டுக்கு ஐம்பதோ நூறோ நிற்கும். ஒரு நாள் இடைவேளையில் ஒரு மாணவியிடம், “யார் வாங்குகிறார்கள்?” என்று கேட்டேன். “சித்தி, பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா, ஸ்கூல் டீச்சர், எல்லாம் தெரிஞ்சவங்கதான் மேடம்” என்றாள். அந்தப் பதிலுக்குள் முழு வியாபாரமும் இருக்கிறது. சேலையின் சாயம் போனால் சித்தி மொத்த வியாபாரியைத் தேடிப் போக மாட்டாள். அவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. சித்தி கேட்பது இவளைத்தான். திருப்பி அனுப்பும் தபால் செலவும் பெரும்பாலும் இவள் தலையில்தான். இருபது வருடமாக உறவிலும் தெருவிலும் சேர்த்து வைத்த நம்பிக்கையை ஐம்பது ரூபாய்க்கு அடமானம் வைத்துவிட்டு, அதற்கு ‘முதலீடே இல்லாத தொழில்’ என்று பெயர் சூட்டுகிறோம். முதலீடு இருக்கிறது, பெண்ணே. அது நீதான்.

இன்ஸ்டாகிராமில் கொஞ்சம் பேர் பின்தொடரத் தொடங்கியதும் அடுத்த வகை அழைப்பு வருகிறது. “ஒரு புடவை அனுப்புறோம், கட்டிக்கிட்டு ஒரு ரீல்ஸ் போடுங்க.” பணம் என்று பேச்செடுத்தால், “புடவையே உங்களுக்குத்தானே” என்கிறார்கள். அந்தப் புடவை அன்பளிப்பா, கூலியா என்ற குழப்பம் நமக்குத்தான் இருக்கிறது, வருமான வரித் துறைக்கு இல்லை. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, தொழில் தொடர்பாகப் பொருளாகக் கொடுக்கும் பயனின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. சமூக ஊடகத்தில் பேசுவதற்காக அனுப்பப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பயன் ஆகாது, வைத்துக்கொண்டால் பயன் என்று துறை விளக்கமும் கொடுத்தது. வரி போடும்போது வருமானம் என்று ஒப்புக்கொள்ளப்படும் ஒன்று, கொடுக்கும்போது மட்டும் எப்படி அன்பளிப்பாகும்?

பொறுப்பும் அவ்வாறே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பேசி நடித்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. மீண்டும் செய்தால் அது 50 லட்சம் வரை போகலாம். உரிய முறையில் சரிபார்த்த பிறகே பேசினேன் என்று காட்ட முடிந்தவருக்கு விலக்கு உண்டு. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. முகம் வெள்ளையாகும் என்று ஒரு களிம்பைப் பற்றிப் பேசுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் களிம்பை வாங்கப் போகிறவளும் நம்மைப் போல் கறுத்த ஒரு பெண்தான். ஸ்டேட்டஸ் வைத்தால் தினமும் ஆயிரம் ரூபாய், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வருகிறவன் உங்களிடம் இடம் வாங்க வந்தவனே அல்ல. இடம் வாங்குகிறவன் காசு கொடுப்பான், கேட்க மாட்டான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

முகத்துக்கு என்ன விலை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. 2005 ஜனவரியில் நெப்ராஸ்கா மாநிலத்து இளைஞர் ஒருவர் தன் நெற்றியை இணையத்தில் ஏலம் விட்டார். குறட்டை மருந்து நிறுவனம் ஒன்று முப்பது நாளைக்கு 37,375 டாலர் கொடுத்தது. அழிந்துபோகும் தற்காலிக எழுத்துதான். அதே ஆண்டில் யூட்டா மாநிலத்துத் தாய் ஒருத்தி, மகனின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தன் நெற்றியை விற்பனைக்கு வைத்தாள். அவள் கேட்ட விலை 10,000 டாலர். இணையச் சூதாட்ட நிறுவனம் ஒன்று அதை ஏற்று, அவள் நெற்றியில் தன் முகவரியை அழியாத பச்சையாகக் குத்திக்கொள்ள வைத்தது. ஏலத்தில் முந்தி வந்தவருக்குப் புதுமையின் விலை கிடைத்தது என்று சொல்லலாம். இருக்கட்டும். ஆண் வைத்தது விளையாட்டு, ஒரு மாதத்தில் கழுவிக்கொண்டான். பெண் வைத்தது பிள்ளையின் படிப்பு, அது ஆயுளுக்கும் நிற்கிறது. தேவையோடு வருகிறவளிடம் சந்தை எவ்வளவு மலிவாகப் பேசும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் ஊரில் நெற்றியை ஏலம் விடும் அளவுக்குக்கூடப் போவதில்லை. கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். பருவமடைந்த சிறுமியின் படத்தைப் போட்டு மஞ்சள் நீராட்டு விழா பேனரை முச்சந்தியில் நிறுத்துகிறோம். அதில் தாய்மாமன் கைகூப்புகிறார், கட்சித் தலைவர் சிரிக்கிறார், நிதி கொடுத்த கடைகளின் பெயர்கள் அடியில் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் மாணவர் சேர்க்கை விளம்பரத்துக்காகப் பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார்கள். சேர்க்கைப் பலகை ஆறு மாதம் புறவழிச்சாலையில் நின்றது. “அவங்களுக்கும் பெருமைதானே மேடம்” என்று எனக்குப் பதில் சொன்னார்கள். அந்தப் படத்திலிருந்த ஒருத்தி பேருந்தில் கேலி பொறுக்காமல் தன் ஊர் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தாள். பெருமைக்குக் கூலி கிடையாது, கேலிக்கு இழப்பீடும் கிடையாது.

இந்த இடத்தில் ஒழுக்கவாதிகள் எழுந்து நிற்பார்கள். “சுவரை விற்பீங்க, முகத்தை விற்பீங்க, அப்புறம்?” என்று கேட்பார்கள். அவர்களிடம் நானும் ஒன்று கேட்கிறேன். இந்த ஊரின் தெருக்களை விளம்பரத்தால் நிரப்பியது யார்? தேர்தலுக்கு முன்பே ஊர்ச் சுவர்களைத் தமக்கென்று எழுதிவைத்துக்கொள்ளும் கட்சிகளில் எத்தனை பேர் அந்த வீட்டுப் பெண்ணிடம் அனுமதி கேட்டார்கள்? திறந்தவெளி இடங்கள் உருக்குலைவதைத் தடுக்க 1959இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மீது ஒரு பேனர் விழுந்தது. நிலைகுலைந்து சாலையில் விழுந்தவர் மீது பின்னால் வந்த லாரி ஏறியது. அது கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமண பேனர். பெண் தன் சுவரை நூறு ரூபாய்க்கு விட்டால் பண்பாடு கெடும் என்பவர்கள், சாலையை ஓசியில் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றியும் அதே குரலில் பேசட்டும். பிறகு நாம் கேட்டுக்கொள்கிறோம்.

விளம்பரம் நம் பண்பாட்டுக்குப் புதிதும் இல்லை. பட்டினப்பாலை காட்டும் புகார் நகரத்தில் பலவகைக் கொடிகள் பறக்கின்றன. மீனை அறுத்துப் பொரிக்கும் ஓசை நிறைந்த முற்றம், மணல் குவித்துப் பூத்தூவிய வாசல், அங்கே கள் விலைக்குண்டு என்று சொல்லும் கொடி. அந்த முற்றத்துக்கு மணல் கொண்டுவந்தவரும் பூத்தூவியவரும் யாரென்று நூல் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கொடி அந்த வீட்டுச் சரக்கைத்தான் சொன்னது. இன்று கூட்டுவது நாம், பறப்பது ஊர்பேர் தெரியாதவனின் கொடி. வாசலை வாடகைக்கு விடுகிறோம் என்றால், வாடகைக்கு விடுகிறவரின் தோரணையோடு விட வேண்டும்.

ஆகவே தோழிகளே, உங்கள் சுவரையோ கடையையோ வண்டியையோ போனையோ முகத்தையோ யாராவது கேட்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கையெழுத்து யாருடையது? காசு யார் கணக்குக்கு? அழிக்கும் உரிமை யாருக்கு?

கையெழுத்து என்றால் தாளில். எந்த இடம், எத்தனை மாதம், எவ்வளவு என்று எழுதி, அதன் ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கடையை நடத்துகிறவள், வாசலைக் காக்கிறவள் கையெழுத்தில்லாமல் அந்தத் தாள் செல்லாது என்று வீட்டிலேயே முதலில் பேசி முடியுங்கள். காசு உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும். விலையைத் தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் சேர்ந்து சொல்லுங்கள். ஒரே தெருவில் ஒருத்தி நூறுக்கும் ஒருத்தி பெயின்டுக்கும் இடம் கொடுத்தால் ஏஜென்டுக்குத்தான் கொண்டாட்டம். வட்டிக்கும் சேமிப்புக்கும் கூடிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த மகளிர் குழுக்களுக்குச் சுவர் வாடகைக்கு ஒரு தொகை வைத்துப் பேசுவது பெரிய காரியம் இல்லை. எதைச் சொல்ல மாட்டோம் என்பதையும் சேர்ந்தே முடிவு செய்யலாம். நம் வீட்டுப் பெண்களைக் கறுப்பென்றும் குண்டென்றும் அவமானப்படுத்தி விற்கும் எதற்கும் நம் தெருவில் சுவர் இல்லை.

மூன்றாவது கேள்விதான் இவற்றில் கடினம். கொடுப்பது எல்லோருக்கும் புரிகிறது. திரும்ப எடுத்துக்கொள்வதுதான் புரிவதில்லை. விளம்பரம் எழுதிய சுவருக்குத் தையில் வெள்ளையடிக்கப் போனவர்களை, “கம்பெனி சுவர், கை வைக்காதீங்க” என்று தடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருவர் வீட்டுச் சுவர் எப்போது கம்பெனிச் சுவர் ஆனது? படத்தை நீக்கச் சொல்லும் மாணவிக்கும், ரீல்ஸை எடுக்கச் சொல்லும் பெண்ணுக்கும், போர்டை இறக்கச் சொல்லும் கடைக்காரிக்கும் இதே பதில்தான் வெவ்வேறு வார்த்தைகளில் வருகிறது. இத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் நானே நீக்கிக்கொள்வேன் என்ற ஒரு வரி இல்லாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பேரத்துக்கு வருகிறவர் அந்த வரிக்கு ஒப்பவில்லை என்றால் அவர் கேட்பது வாடகைக்கு இடம் இல்லை, உடைமை. சுண்ணாம்பு வாளியும் மட்டையும் நம் வீட்டில்தான் இருக்கின்றன. அடிக்கிற கை நம்முடையதாக இருக்கும் வரைதான் சுவரும் நம்முடையது.